மண்டெல்லோவின் கழுகு: ஓட்டிக் காக்கப்படும் ஒரு வரலாறு

பழைய பொருள் ஒன்றைக் காப்பாற்றுவது என்றால் என்ன? பூட்டி வைப்பதா, பயன்படுத்துவதா? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்க. பெரும்பாலான மாணவர்கள், "அருங்காட்சியகத்துல வைக்கணும், டீச்சர்" என்றுதான் சொல்வார்கள். ஓலைச்சுவடி, நாணயம், சிலை என்றால் அந்தப் பதில் சரிதான். ஆனால், ஓடுவதற்கென்றே செய்த பொருளுக்கும் அதே பதில் பொருந்துமா?

இத்தாலியில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இதற்குத் தங்கள் நடைமுறையாலேயே பதில் சொல்லி வருகிறார்கள். எழுபது வயது வண்டியை எழுபது வயது மனிதர் உதைத்துக் கிளப்பி, மலைச்சாலையில் ஓட்டிப் போகிறார். வழியில் பழுதானால் உடன் வருபவர்களும் நிறுத்தி இறங்குகிறார்கள். இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. வரலாற்றைக் காக்கும் ஒரு முறை. அது எப்படி உருவானது, எதனால் முடிந்தது என்பதை 'மோட்டோ குட்ஸி' என்ற ஒரு நிறுவனத்தின் கதை வழியே பார்ப்போம். மாணவர்களுக்கு வாசிப்புப் பகுதியாகக் கொடுக்க நினைப்பவர்களுக்காக, கட்டுரையின் முடிவில் சில நடவடிக்கைகளும் உள்ளன.

மூன்று நண்பர்கள், ஒரு கழுகு

முதல் உலகப்போர்க் காலம். இத்தாலியக் கடற்படையின் விமானப் பிரிவில் மூன்று இளைஞர்கள் நண்பர்களானார்கள். கார்லோ குட்ஸி இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். ஜோர்ஜோ பரோடி, ஜொவான்னி ரவெல்லி இருவரும் விமானிகள். ரவெல்லி போருக்கு முன்பே மோட்டார் சைக்கிள் பந்தய வீரராகப் பெயர் எடுத்தவர். போர் முடிந்ததும் மூவரும் சேர்ந்து மோட்டார் சைக்கிள் செய்வது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். குட்ஸி வடிவமைப்பார், பரோடி குடும்பம் பணம் போடும், ரவெல்லி பந்தயத்தில் ஓட்டிக் காட்டுவார். இதுதான் திட்டம்.

ஆனால், 1919-இல் ரவெல்லி விமான விபத்தில் இறந்துபோனார். மீதி இருவரும் திட்டத்தைக் கைவிடவில்லை. ஜெனோவா நகரில் கப்பல் தொழில் செய்துவந்த ஜோர்ஜோவின் தந்தை எமனுவேலே விட்டோரியோ பரோடி பணம் கொடுத்தார். 15 மார்ச் 1921 அன்று நிறுவனம் பதிவானது. தொழிற்சாலை, கோமோ ஏரிக்கரையில் உள்ள மண்டெல்லோ டெல் லாரியோ என்ற சிற்றூரில் அமைந்தது. இறந்த நண்பரின் நினைவாக, விமானப்படையின் சிறகு விரித்த கழுகையே சின்னமாக வைத்தார்கள். நூறாண்டு தாண்டியும் அந்தக் கழுகு பெட்ரோல் டாங்கியின் மேல் அப்படியே இருக்கிறது.

படுத்திருக்கும் இன்ஜின்

கார்லோ குட்ஸியின் முதல் மாதிரி வண்டியில் நான்கு வால்வுகள் இருந்தன. அந்தக் காலத்துக்கு அது மிகவும் முன்னேறிய அமைப்பு. செய்வதற்குச் செலவும் அதிகம். விற்பனைக்கு வந்த 'நோர்மாலே' என்ற வண்டியில் அதை இரண்டு வால்வாகக் குறைத்தார்கள். பரபரப்பைவிட எளிமை முக்கியம் என்ற முடிவு அது. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த முடிவே அடிப்படையாக இருந்தது.

நாம் பார்க்கும் பெரும்பாலான பழைய வண்டிகளில் சிலிண்டர் செங்குத்தாக நிற்கும். குட்ஸியின் வண்டியில் அது முன்பக்கம் நோக்கிப் படுத்திருக்கும். நம்ம ஊர் கப்சாய் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்த அமைப்பு உடனே புரியும். இதனால் இரண்டு நன்மைகள். வண்டியின் எடை தரைக்கு அருகில் இருப்பதால் ஓட்டுவது நிதானமாக இருக்கும். அதிகம் சூடாகும் சிலிண்டர் தலைப்பகுதி எதிர்க்காற்றை நேராக வாங்குவதால் சீக்கிரம் குளிரும். இன்ஜினின் இடப்பக்கத்தில் ஒரு பெரிய உருளைச் சக்கரம் வெளியே தெரியும்படி சுழன்றுகொண்டிருக்கும். இறைச்சிக் கடையில் துண்டு சீவும் இயந்திரம் போல இருப்பதால், ஆர்வலர்கள் அதற்கு அந்தப் பெயரையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

இங்கே ஓர் எண்ணைக் கவனியுங்க. 1921-இல் வந்த அந்த இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 88 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 82 மி.மீ.; கொள்ளளவு 498 சிசி. 1950-இல் வெளிவந்த புகழ்பெற்ற 'ஃபல்கோனே' வண்டியிலும் இதே அளவுதான். இராணுவத்துக்கும் காவல்துறைக்கும் செய்த 'நுவோவோ ஃபல்கோனே' 1976-இல் நிறுத்தப்பட்டபோதும் இதே அளவுதான்! உள்ளே எத்தனையோ மாற்றங்கள் வந்தன. ஆனால், 55 ஆண்டுகளாக அடிப்படை மாறவில்லை. ஒரு தலைமுறைப் பட்டறைக்காரர் கற்றதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்க இது போதுமான காலம்.

எளிமை என்றால் வேகம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1953 முதல் 1957 வரை 350 சிசி பிரிவில் உலக வாகையர் பட்டத்தை ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து வென்றது குட்ஸிதான். அந்தப் பந்தய வண்டியிலும் படுத்திருக்கும் ஒற்றைச் சிலிண்டர்தான். அதே சமயம், ஜூலியோ சேசரே கார்கானோ என்ற பொறியாளர் 500 சிசிக்குள் எட்டுச் சிலிண்டர்களை அடக்கி ஓர் அற்புத வண்டியைச் செய்தார். மணிக்கு ஏறத்தாழ 275 கிலோமீட்டர் வேகம் போனது அது. ஆனால், உலகப் பட்டம் எதையும் அது பெறவில்லை. வியக்க வைத்தது எட்டுச் சிலிண்டர். வென்று காட்டியது ஒற்றைச் சிலிண்டர்.

1957: ஒரே ஆண்டில் மூன்று அடிகள்

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இத்தாலியில் மோட்டார் சைக்கிள் என்பது ஆடம்பரம் இல்லை. வேலைக்குப் போக, சந்தைக்குப் போக, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக இருந்த ஒரே வழி அதுதான். 1946-இல் வெஸ்பா, 1947-இல் லாம்ப்ரெட்டா ஆகிய ஸ்கூட்டர்கள் வந்தன. போரில் குண்டுவீச்சுக்கு ஆளான பொலோன்யா நகரின் டுகாட்டி வானொலித் தொழிற்சாலை, சைக்கிளில் பொருத்தும் சின்ன இன்ஜினைச் செய்து புதுவாழ்வு தேடியது. ஊருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் நிறுவனம் முளைத்த காலம் அது. தங்கள் வண்டி உறுதியானது என்று காட்ட நிறுவனங்களுக்குக் கிடைத்த மேடை, பொதுச்சாலையில் நடந்த நெடுந்தூரப் பந்தயங்கள். மிலானிலிருந்து தெற்குக் கோடியில் உள்ள தாரந்தோவரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஒரே மூச்சில் ஓடும் 'மிலானோ–தாரந்தோ' ஒன்று. 175 சிசி வரையிலான சின்ன வண்டிகள் நாட்டைச் சுற்றி வரும் 'மோட்டோஜிரோ' மற்றொன்று.

1957-இல் இந்த உலகம் மூன்று வகையில் அடி வாங்கியது.

முதலாவது, மே மாதம் 'மில்லே மில்யா' என்ற கார் பந்தயத்தில் நடந்த விபத்து. ஒரு பந்தயக் காரின் ஓட்டுநரும் துணையாளரும், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது பேரும் இறந்தார்கள். இதன் விளைவாகப் பொதுச்சாலைப் பந்தயங்கள் தடை செய்யப்பட்டன. மோட்டார் சைக்கிள் பந்தயங்களும் அதோடு நின்றன.

இரண்டாவது, அதே ஆண்டு ஜூலையில் ஃபியட் நிறுவனம் 'நுவோவா 500' என்ற சின்னக் காரை வெளியிட்டது. மழையில் நனையாமல் குடும்பத்தோடு போக முடியும் என்றால், யார்தான் மோட்டார் சைக்கிளில் போவார்கள்?

மூன்றாவது, செலவு தாங்காமல் குட்ஸி, ஜிலேரா, மொண்டியல் ஆகிய மூன்று நிறுவனங்களும் உலகப் பந்தயங்களிலிருந்து விலகுவதாக அறிவித்தன.

அடுத்த சில ஆண்டுகளில் பல நிறுவனங்கள் மூடப்பட்டன. 1969-இல் ஜப்பானின் ஹோண்டா சிபி750 வந்தபோது எஞ்சியவையும் திணறின. குட்ஸியும் கைமாறிக் கைமாறி, 2004-இன் இறுதியில் வெஸ்பா செய்யும் பியாஜியோ குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது. நிறுவனங்கள் போயின. ஆனால், அவை செய்த வண்டிகள் கொட்டகைகளிலும் கோழிக்கூண்டுகளுக்குப் பின்னாலும் கிடந்தன. இனி அவற்றைக் காப்பது உரிமையாளர்களின் கையில்.

குரோமும் எண்ணெய்யும்

காப்பது என்றால் துடைத்து மெருகேற்றுவது மட்டுமா? இல்லை. ஓர் எடுத்துக்காட்டுப் போதும்.

1967-இல் குட்ஸி 'வி7' என்ற புதிய வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார்கானோ வடிவமைத்த இன்ஜின் அது. இரண்டு சிலிண்டர்கள் V வடிவத்தில் வண்டியின் இருபுறமும் துருத்திக்கொண்டு நிற்கும். சங்கிலிக்குப் பதில் தண்டு வழியாகச் சக்தி பின்சக்கரத்துக்குப் போகும். வால்வின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டுமா? மூடியைக் கழற்றினால் எல்லாம் கண்முன்னே இருக்கும். ஓர் அளவுத்தகடு, ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி போதும். இதனால்தான் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைகூட இதை வாங்கியது.

ஆனால், ஒரு சிக்கல் மறைந்திருந்தது. அந்தக் காலத்து அலுமினியச் சிலிண்டரின் உட்சுவரில் தேய்மானத்தைத் தடுக்கக் குரோம் பூசியிருந்தார்கள். வயதாக ஆக, குறிப்பாக வண்டி ஓடாமல் ஈரத்தில் கிடந்தால், அந்தப் பூச்சு மெல்ல உரிந்து செதில் செதிலாக உதிரும். தொடக்க வண்டிகளில் எண்ணெய்யை வடிகட்ட வெறும் கம்பி வலைதான் இருந்தது. ஆகவே குரோம் துகள்கள் எண்ணெய்யோடு கலந்து சுற்றி, உள்ளே இருக்கும் தாங்கிகளை அரித்துவிடும். வெளியே வண்டி பளபளக்கும், உள்ளே செத்துக்கொண்டிருக்கும்.

இதை வெளிக்கொண்டு வந்தது வண்டியை ஓட்டித் தேய்த்தவர்களின் அனுபவம். எண்ணெய்யை மாற்றும்போது அதில் மின்னும் துகள் தெரிகிறதா என்று பாருங்கள் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். தீர்வும் கிடைத்தது: நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த புதுவகைப் பூச்சுள்ள சிலிண்டர்கள். அவற்றைச் செய்து தரும் கிலார்டோனி நிறுவனம் இருப்பதும் அதே மண்டெல்லோ ஊரில்தான். இப்போது பழைய வி7 வாங்குபவரிடம் ஆர்வலர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "சிலிண்டர் மாத்தியாச்சா?" என்பதே.

இதுபோல் இன்னும் பல உண்டு. 2002 தொடங்கியபோது இத்தாலியில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. பழைய இன்ஜினின் வால்வு இருக்கைகளைக் காத்தது அந்த ஈயம்தான். ஆகவே, இன்ஜினைப் பிரிக்கும்போது கடினமான புது இருக்கைகளைப் பொருத்துகிறார்கள். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை இளக்கிவிடும். 1970-களின் கண்ணாடியிழை டாங்கிகளை உப்ப வைக்கும். வண்டி நூறு ஆண்டு நிலைத்தாலும், அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாரோ ஒருவர் விடை தேட வேண்டியிருக்கிறது.

விரல்நுனி அறிவு

எல்லா இத்தாலிய வண்டிகளும் குட்ஸி போல எளியவை அல்ல. 1954-இல் டுகாட்டியில் சேர்ந்த ஃபாபியோ தாலியோனி வேறு பாதையில் போனவர். இன்ஜினின் அடியிலிருந்து மேலே வால்வுகள்வரை சங்கிலிக்குப் பதிலாக ஒரு செங்குத்துத் தண்டையும், அதன் முனைகளில் சாய்ந்த பற்சக்கரங்களையும் வைத்தார். 1972-இல் இமோலா 200 மைல் பந்தயத்தில் பால் ஸ்மார்ட்டும் புரூனோ ஸ்பாஜ்ஜாரியும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தது இத்தகைய டுகாட்டி 750 வண்டிகளில்தான்.

அழகான அமைப்பு; ஆனால் பூட்டுவது பெரும்பாடு. பற்சக்கரங்கள் மிக இறுக்கமாகக் கூடினால் முனகும். தளர்ந்தால் பல் தேயும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள வளையங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு, கையால் சுழற்றி, மறுபடி கழற்றி, மறுபடி பூட்ட வேண்டும். கையேட்டில் அளவு இருக்கும். ஆனால், "இந்த அளவுதான் சரி" என்று விரல் உணர்வது கையேட்டில் இருக்காது. அதை ஒரு மூத்த போர்மேன் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

வண்டியைக் கிளப்புவதே ஒரு பாடம். ஃபல்கோனேயில் பொத்தானை அழுத்தினால் ஓடாது. பெட்ரோல் குழாயைத் திறந்து, டெல்லோர்டோ கார்புரேட்டரில் பெட்ரோல் ததும்பும்வரை அதன் ஊசியைத் தட்டி, தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளி, அழுத்தத்தை விடுவிக்கும் நெம்பை இழுத்துப் பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே உதைக்க வேண்டும். வரிசை தப்பினால் கால்தான் வலிக்கும். கிளம்பிய பிறகும் கவனம் வேண்டும்: கியர் வலது காலில், பின்பிரேக் இடது காலில்! இன்றைய வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார்.

அசலா, புதுப்பித்ததா?

ஆர்வலர்களிடையே ஓயாத ஒரு வாதம் உண்டு. பெயின்ட் உதிர்ந்து, இருக்கை கிழிந்து, ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பாகங்களோடு இருக்கும் வண்டியை 'கொன்செர்வாட்டோ' என்பார்கள். காப்பாற்றப்பட்டது என்று பொருள். பிரித்து, பெயின்ட் அடித்து, குரோம் பூசிப் புதிதாக்கியதை 'ரெஸ்தவுராட்டோ' என்பார்கள். முன்பு இரண்டாவதற்குத்தான் மதிப்பு. இப்போது பலரும் முதலாவதையே மேலாகக் கருதுகிறார்கள். கீறலும் கறையும் அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கையின் சான்று, பெயின்ட் அடித்தால் அந்தச் சான்று அழிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். கோயில் திருப்பணியில் பழைய கல்லின் மேல் பளபளப்பான பெயின்ட் அடிப்பது பற்றி நாம் பேசும் வாதத்தை இது நினைவூட்டவில்லையா?

இத்தாலியச் சட்டமும் இதில் அக்கறை காட்டுகிறது. 1966-இல் தொடங்கிய 'ஆட்டோமோட்டோகிளப் ஸ்டோரிகோ இத்தாலியானோ', மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தின் வரலாற்றுப் பதிவேடு போன்றவை பழைய வண்டிகளைச் சோதித்துச் சான்றிதழ் தருகின்றன. முப்பது வயது கடந்த, தொழிலுக்குப் பயன்படாத வண்டிகளுக்கு வழக்கமான சாலை வரி இல்லை. அதாவது, பழைய வண்டி ஓடுவது பொதுநலன் என்று அரசே ஏற்றுக்கொள்கிறது.

பாகங்கள் எங்கே கிடைக்கும்? இமோலா பந்தயத் திடலிலும் மிலானுக்கு அருகே நோவெக்ரோவிலும் பரிமாற்றச் சந்தைகள் கூடும். துருப்பிடித்த கார்புரேட்டர், பெயர்ப்பலகை, பழைய கையேடு என்று தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். செப்டம்பரில் மண்டெல்லோவில் குட்ஸிக்காரர்கள் கூடும்போது அந்தச் சிற்றூரின் தெருக்களே கொள்ளாது.

மீண்டும் சாலைக்கு

தடைபட்ட பழைய பந்தயங்களும் திரும்பி வந்தன, வேறு வடிவில். மிலானோ–தாரந்தோ 1987 முதல் பழைய வண்டிகளுக்கான பயணமாக நடக்கிறது. அன்று போலவே மிலானில் நள்ளிரவில் கிளம்புகிறார்கள். ஆனால், ஒரே மூச்சில் ஓடுவதில்லை. பல நாளாகப் பிரித்து ஓட்டுகிறார்கள். மோட்டோஜிரோ 2001-இல் உயிர்பெற்றது. இரண்டிலும் வேகத்துக்குப் பரிசில்லை. குறித்த நேரத்துக்குக் குறித்த இடம் வந்து சேர்வதற்கே புள்ளி.

ஓடுவதால்தான் வண்டி பிழைக்கிறது. நிறுத்தியே வைத்தால் பெட்ரோல் பிசினாகும், ரப்பர் வெடிக்கும், சிலிண்டரில் துரு ஏறும். ஓடினால் பழுது வரும். பழுது வந்தால் யாராவது பழுது பார்க்கக் கற்க வேண்டும். கற்றவர் இருக்கும்வரை வண்டி இருக்கும். எட்டுச் சிலிண்டர் அதிசயம் பெரும்பாலும் காட்சிப்பொருளாகவே நிற்கிறது. எளிய ஃபல்கோனேயோ இன்றும் சாலையில் ஓடுகிறது. ஆனால், அதை உதைத்துக் கிளப்பத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. இரும்பை மாற்றிவிடலாம், விரல்நுனி அறிவை யாராவது வந்து வாங்கிக்கொண்டால்தான் உண்டு. ஆர்வலர்களின் உண்மையான கவலை அதுதான்.

வகுப்பறைக்கு

1. நேர்காணல் (இடைநிலைப்பள்ளி, எல்லாப் படிவங்களும்): உங்கள் வட்டாரத்தில் நீண்ட காலமாகப் பட்டறை நடத்தும் போர்மேன், தையற்காரர், பொற்கொல்லர் என யாராவது ஒருவரைச் சந்தித்து, "புத்தகத்தில் இல்லாத, கையால் மட்டுமே தெரிந்த ஒன்று என்ன?" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்க. அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களை அவர் சொன்னபடியே எழுத வேண்டும்.

2. விவாதம்: "பழைய பொருளைப் புதுப்பிப்பது அதன் வரலாற்றை அழிப்பதாகும்." இரு அணிகளும் மேலே உள்ள குரோம் பூச்சு, 'கொன்செர்வாட்டோ' ஆகிய எடுத்துக்காட்டுகளில் ஒன்றையாவது பயன்படுத்தட்டும்.

3. காரண-விளைவு வரைபடம்: 1957-இல் நடந்த மூன்று நிகழ்வுகளையும் அவற்றின் விளைவுகளையும் அம்புக்குறியிட்டு வரையச் சொல்லுங்க. மூன்றில் எது இல்லாவிட்டால் வரலாறு அதிகம் மாறியிருக்கும் என்று ஒரு பத்தியில் எழுதட்டும். இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. காரணம் சொல்லும் திறனுக்கே மதிப்பெண்.